தண்ணீர் நின்ற உயரம்

ஸஹீதா தன் வீட்டு முன்சுவரில் கறுப்புப் பெயின்றால் ஒரு கோடு இழுத்தபோது ஒழுங்கையில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் தலைக்கு மேல் வேலை இருந்தது. 2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளம் வடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஏறாவூரில் வாவியை ஒட்டிய அந்த ஒழுங்கையில் முப்பத்தொரு வீடுகள். எல்லா வீட்டு மதிலிலும் மெத்தைகள் காய்ந்தன. ஊதிப்போன அலுமாரிகள் வாசலில் கிடந்தன. சுவர்களில் இடுப்பளவுக்கு மஞ்சள் கறை ஏறியிருந்தது. ஆட்கள் கறையைத் தேய்த்துக் கழுவினார்கள். போகாத இடத்துக்குப் பெயின்ற் அடித்தார்கள்.

அந்தப் பெயின்ற் பெரும்பாலும் ஸஹீதாவின் கையால் போனதுதான். அவளுடைய புருசன் சாலிஹ் பிரதான வீதியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தார். ஆணி, கம்பி, சீமெந்து எல்லாம் அவர் பார்ப்பார். பெயின்ற் அவள் பொறுப்பு. பழைய சுவரிலிருந்து உதிர்ந்த ஒரு செதிலைக் கொண்டுவந்து காட்டினால் போதும், அதே நிறத்தைக் கலந்து கொடுத்துவிடுவாள்.

தன் சுவரையும் அவள் கழுவி அடித்தாள். அது காய்ந்த பிறகு, தண்ணீர் நான்கு நாள் அசையாமல் நின்ற உயரத்தில், சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நேராக ஒரு கோடு இழுத்தாள். கோட்டின் மேல் திகதி. அதன் பக்கத்தில் ‘2 அடி 10 அங்குலம்’. நிலத்தோடு நிலமாக இன்னொரு சின்னக் கோடு போட்டு ‘2011 – 7 அங்குலம்’ என்று எழுதினாள். 2011 வெள்ளத்தை மட்டக்களப்பில் மறந்தவர்கள் இல்லை. மழை அந்த முறைதான் கூட. ஆனாலும் தண்ணீர் இந்த முறைதான் கூட.

கோடு போட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒழுங்கையின் கடைசி வீட்டை ஏழெட்டு மாதத்துக்கு முன்னர் ஓட்டமாவடிக் குடும்பம் ஒன்று வாங்கியிருந்தது. அதை விற்றவர் விற்பதற்கு முன் ஸஹீதாவிடம் வந்து, முந்திய வருடங்களின் ஈரக் கறை தெரியாமல் அடிக்க ஒரு பெயின்ற் கேட்டார். அவள்தான் அடிப்பூச்சும் நிறமும் தேர்ந்து கொடுத்தாள். வெள்ளம் வந்தபோது அந்த வீட்டில் இருபது நாள் பிள்ளை ஒன்று இருந்தது. பொருட்களை உயர்த்தி வைக்க வேண்டும் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. மீன்பிடித் தோணியொன்றில் தாயையும் பிள்ளையையும் ஏற்றி ஸஹீதாவின் வாசலைக் கடந்து கொண்டுபோனார்கள். அப்போது அந்தப் பெண் அழவில்லை, ஏசவும் இல்லை. தோணியில் இருந்தபடியே ஸஹீதாவைப் பார்த்துச் சொன்னாள்:

“ஆராவது ஒராள் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். வீடு பார்க்க வரக்குள்ள ஒங்க எல்லார்ட வாசலாலயும்தானே நடந்து வந்தன்.”

அந்தக் குடும்பம் ஓட்டமாவடிக்கே திரும்பிப் போய்விட்டது. ஸஹீதாவுக்கு அந்த வார்த்தை மறக்கவில்லை. தான் கலந்து கொடுத்த நிறம் எது என்பதுகூட அவளுக்கு நினைவிருந்தது.

ஏன் இத்தனை தண்ணீர் என்பதும் ஒழுங்கைக்குத் தெரியாததல்ல. வீடுகளுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு வட்டை இருந்தது. வாவியை அந்தப் பக்கத்து ஆட்கள் ஆறு என்றுதான் சொல்வார்கள். வட்டை நாற்பது ஏக்கர் வயல். மாரி மழைத் தண்ணீர் முழுவதும் அந்த வயல் வழியாக ஆற்றில் போய் விழும். மூன்று வருடத்துக்கு முன்னர் கொழும்புக் கம்பெனி ஒன்று அதை வாங்கிக் கிறவல் மண் கொட்டி நிரப்பியது. நடுவே நாலடி உயரத்தில் ஒரு ரோட்டும் போட்டது. காணித் துண்டுகளுக்கு ‘வாவிக் காற்று’ என்று பெயர் வைத்து விற்கத் தொடங்கியது. தண்ணீருக்கு இருந்த வழி அடைபட்டது. ஆனால் அதே ரோட்டால் ஒழுங்கையில் காணி விலை இரண்டு மடங்கானது. வெள்ளமும் விலையும் ஒன்றாகத்தான் ஏறின. விலையைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள்.

ஜனவரியில் றிஷாட் வந்தான். சாலிஹின் மூத்த ராத்தாவின் மகன். காணி வீடு வாங்கி விற்கும் தரகு அவன் தொழில். நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவன். தேத்தண்ணீர் குடித்து முடிக்கும் வரைக்கும் கோட்டைப் பற்றி வாயெடுக்கவில்லை. பிறகுதான், வெளிநாட்டில் உழைத்தவர்கள் இந்தப் பக்கம் வீடு தேடுகிறார்கள் என்றும், ஒழுங்கைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது இந்தச் சுவர்தான் என்றும் மெதுவாகச் சொன்னான். போன கிழமை ஒருவர் காரிலிருந்து இறங்காமலே திரும்பிவிட்டாராம். பெயின்ற் செலவைத் தானே தருவதாகவும் சொன்னான்.

“கோட்ட அழிச்சா தண்ணி அதுக்குக் கீழ நிக்குமா மருமகன்?” என்று ஸஹீதா கேட்டாள்.

அவன் சிரித்துச் சமாளித்தான். மாமி சொல்வது சரி, ஆனால் ஒழுங்கையில் இருப்பவர்களுடைய ஒரே சொத்து இந்த வீடுகள்தான், அதை ஒரு கோடு போட்டுக் குறைக்கலாமா என்றான். அது நியாயமான கேள்வி என்பது அவளுக்கும் விளங்கியது. ஆனாலும் அழிக்க மாட்டேன் என்றாள். அதற்குப் பிறகு ஒழுங்கையில் சிலர் அவளுக்கு ஸலாம் சொல்வதைக் குறைத்தார்கள். சிலர் பெயின்றுக்கு வேறு கடை பார்த்தார்கள்.

இதெல்லாம் அவளுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. வலித்தது பக்கத்து வீட்டில்.

பக்கத்து வீடு அவளுடைய தங்கச்சி நிஸ்றாவுடையது. வாப்பா முகைதீன்பாவா தன் வளவை இரண்டாகப் பிரித்து இரண்டு மக்களுக்கும் ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுத்திருந்தார். நடுவேலியில் ஒரு கடப்பு. அதனூடே கறியும் பிள்ளைகளும் கோழிகளும் நாள் முழுக்கப் போய்வரும். நிஸ்றாவின் புருசன் றுமைஸ் டோஹாவில் லொறி ஓட்டினான். வெள்ளத்தின்போது இரண்டு பிள்ளைகளையும் கதவுக்கு மேலிருந்த சீமெந்துத் தட்டில் ஏற்றி வைத்து, தான் தண்ணீருக்குள் ஒரு பகலும் ஓரிரவும் நின்றவள் நிஸ்றா. அதன் பிறகு மழை இருட்டினாலே பிள்ளைகளின் உடுப்பைப் பையில் கட்டத் தொடங்கிவிடுவாள். வீட்டை விற்றுவிட்டுப் பிரதான வீதிக்கு அந்தப் பக்கம், மேட்டுக் காணியில் ஒரு சின்ன வீடு எடுப்பது என்று புருசனும் பெண்சாதியும் முடிவெடுத்திருந்தார்கள். றிஷாட் ஆள் தேடிக்கொண்டிருந்தான்.

மார்ச்சில் ஆள் கிடைத்தது. குவைத்தில் பத்து வருடம் வீட்டு வேலை செய்து திரும்பியிருந்த ரிப்கா என்ற பெண். ஒன்பது வயது மகள் இனாயாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வீட்டை மூன்று தரம் சுற்றிப் பார்த்தாள். குசினியில் நின்று சன்னலைத் திறந்து மூடினாள். மகளிடம் எந்த அறை வேண்டும் என்று கேட்டாள். நிஸ்றாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. முற்பணம் எப்போது என்பது வரைக்கும் பேச்சு வந்தது. போகும்போது ரிப்கா பக்கத்து வீட்டுச் சுவரைக் கண்டு நின்றாள். ஸஹீதா வாசலில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இது என்ன கோடு ராத்தா என்று ரிப்கா கேட்டாள். றிஷாட் ஏதோ சொல்ல வந்தான். நிஸ்றா தன் வாசலில் நின்று ராத்தாவையே பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்பது ஸஹீதாவுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு நிமிடம், அது பிள்ளைகள் கிறுக்கியது என்று சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தாள். ரிப்காவின் கையைப் பிடித்திருந்த சிறுமி கோட்டின் அருகே போய் நின்று பார்த்தாள். கோடு அவளுடைய நெஞ்சுக்கு வந்தது.

“போன நவம்பர் வெள்ளம் நின்ட இடம்” என்றாள் ஸஹீதா. “நாலு நாள் நின்ட. எங்கட ரெண்டு வீட்டுக்கும் ஒரே அளவுதான்.”

ரிப்கா மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். அன்று பின்னேரமே றிஷாட்டுக்கு அழைத்து வேண்டாம் என்றுவிட்டாள்.

நிஸ்றா மறுநாள் வரைக்கும் வெளியே வரவில்லை. வந்தபோது கத்தவில்லை. கடப்பின் அந்தப் பக்கத்திலேயே நின்று பேசினாள்.

“நீங்க உண்மையச் சொன்னீங்க ராத்தா. ஒங்கட மனசு லேசாகியிரிக்கும். இப்ப எனக்கு வீடும் விக்க ஏலாது, விட்டுட்டுப் போகவும் ஏலாது. அடுத்த மழைக்கு நானும் புள்ளையளும் நிக்கப்போறது ஒங்கட கோட்டுக்குக் கீழதான்.”

அன்றே ஒரு மேசனைப் பிடித்து அந்தக் கடப்பைக் கல் வைத்து அடைத்தாள்.

இரண்டு கிழமை கழித்து ஸஹீதா கடையிலிருந்து வந்தபோது சுவரில் கோடு இல்லை. யாரோ அதன் மேல் பெயின்ற் அடித்திருந்தார்கள். சாலிஹ் கோபத்தோடு யார் வேலை இது, பொலிசுக்குப் போகலாம் என்றார். ஸஹீதா விரலால் தடவிப் பார்த்தாள். கொஞ்சம் ரோசா கலந்த பால் வெள்ளை. போன டிசம்பரில் நிஸ்றாவின் வீட்டு மண்டபத்துக்கென்று அவளே கலந்த நிறம். வேறு எவருக்கும் அதைக் கொடுத்ததில்லை. ஆள் தெரியவில்லை என்றுதான் புருசனிடம் சொன்னாள். மறுநாள் காலை அளவுகோலை எடுத்து அதே உயரத்தில் மறுபடியும் கோட்டை இழுத்தாள். முன்னையதைவிட இரண்டு விரல் தடிப்பாக.

ஆனால் தங்கச்சி சொன்னது அவளை விடவில்லை. சொல்லிவிட்டால் மட்டும் போதுமா? தண்ணீர் போக வழி வேண்டுமே. அந்த ரோட்டைப் பார்க்கப் போனாள். அங்கே கிறவலும் கொடிகளும்தான் இருந்தன. தண்ணீர் போக ஒரு குழாய்கூட இல்லை. வயலை நிரப்ப எப்படி அனுமதி கொடுத்தார்கள் என்று ஓர் அலுவலகத்தில் கேட்டாள். அங்கே இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள். மூன்றாவது இடத்தில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள் என்று ஓர் இளம் உத்தியோகத்தர் மட்டும் மெதுவாகச் சொன்னார். சாலிஹுக்கு அழகான கையெழுத்து. அவர் எழுதினார், அவள் ஒப்பமிட்டாள். கடைக்கு ஆட்கள் வருவது குறைந்திருந்ததால் எழுத நேரம் இருப்பதாக அவர் பகிடி விட்டார். அவர் ஒரு நாளும் இதை விட்டுவிடு என்று சொல்லவில்லை. அது அவளுக்குப் பெரிய பலம்.

ஆறு கிழமையில் ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே கம்பெனி அனுமதிக்காகக் கொடுத்த வரைபடத்தின் பிரதி இருந்தது. கம்பெனியின் சீல், பொறியியலாளரின் ஒப்பம், எல்லாம் சரி. அந்த ரோட்டின் குறுக்கே இரண்டு இடத்தில் மதகு வரையப்பட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டடி விட்டமுள்ள மூன்று கொங்கிறீற் குழாய்கள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகும் என்று அம்புக்குறிகூட இருந்தது. கடதாசியில் மதகு கட்டி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஸஹீதா அன்று சோறு உண்ணவில்லை. சாலிஹ் வரைபடத்தைக் கண்ணாடி போட்டும் போடாமலும் பார்த்துவிட்டு, “இவங்க தண்ணியையும் கடதாசியில ஓட விட்டிரிக்காங்க” என்றார்.

அவள் கம்பெனியின் விற்பனை அலுவலகத்துக்குப் போனாள். கழுத்துப்பட்டி கட்டிய முகாமையாளர் தண்ணீர்ப் போத்தல் கொடுத்து உபசரித்தார். எல்லாத் துண்டுகளும் விற்று முடிந்த பிறகு மதகு வரும் என்றார். விற்று முடிய எத்தனை வருடம் என்று அவள் கேட்டாள். அது சந்தையைப் பொறுத்தது என்றார் அவர்.

“அப்ப மழையும் சந்தையப் பாத்துத்தான் பெய்யும்போல” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை ‘வாவிக் காற்று’ திறந்த விற்பனை நாள் வைத்தார்கள். பந்தல் போட்டு, பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் கொடுத்து, காத்தான்குடியிலிருந்தும் ஓட்டமாவடியிலிருந்தும் வான் ஏற்றி ஆட்களைக் கொண்டுவந்தார்கள். ஸஹீதா வரைபடத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, பொது வீதியில் வாசலுக்கு எதிரே போய் நின்றாள். சத்தம் போடவில்லை. வருபவர்களை மறித்து, நீங்கள் வாங்கும் ரோட்டில் இரண்டு மதகு இருப்பதாக இதில் இருக்கிறது, உள்ளே போய் அதைக் காட்டச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னாள். முதல் ஒரு மணித்தியாலம் ஆட்கள் விலகிப் போனார்கள். பிறகு ஒரு குடும்பம் உண்மையாகவே உள்ளே போய்க் கேட்டது. அது காட்டுத் தீயாகப் பரவியது. நண்பகலுக்குள் ஆட்கள் ஐஸ்கிறீமோடு ரோட்டில் இறங்கிக் குனிந்து மதகு தேடினார்கள்.

கம்பெனிக்கும் ஆள் கொண்டுவந்து தரகு வாங்கிய றிஷாட் ஓடிவந்தான். அவன் முகம் வெளிறியிருந்தது. என் பிழைப்பில் மண் போட வேண்டாம் மாமி என்று கெஞ்சினான். அவள் அவனை நிழலுக்குக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். உன் பிழைப்பில் மண் போட்டது நானல்ல, ரோட்டில் மண் போட்டவர்கள் என்றாள். அவன் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனான். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு அவன் கம்பெனிக்கு ஆள் கொண்டுபோகவில்லை.

பத்தாம் நாள் சட்டத்தரணியின் கடிதம் வந்தது. வியாபாரத்துக்கு ஏற்படுத்திய பாதிப்புக்குப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையேல் நட்டஈட்டு வழக்கு என்று அதில் இருந்தது. ஸஹீதா பதில் எழுதச் சொன்னாள். சாலிஹ் இரண்டு பக்கம் எழுதினார். அவள் வாசித்துப் பார்த்து, இவ்வளவு வேண்டாம் என்று கிழித்துவிட்டு, ஒரே வரியில் எழுதச் சொன்னாள்: ‘மதகு எங்கே என்று அறியத் தரவும்.’ பதிவுத் தபாலில் அது போனது.

நவம்பர் கடைசி வாரத்தில் வானம் மூடிக்கொண்டது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொன்னது. இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் விடிகாலை சுபஹுத் தொழுதுவிட்டுக் கதவைத் திறந்தபோது தண்ணீர் இரண்டாவது படியில் நின்றது. கம்பெனி ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு குளம். அந்தப் பக்கம், ஆற்று விளிம்பில், தண்ணீர் மூன்றடி தாழ்வாக இருந்தது. முகத்துவாரத்து மணல் மேட்டை வெட்டிவிட்டார்கள், ஆறு கடலுக்கு இறங்குகிறது என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஆறு தண்ணீரை எடுக்கத் தயாராக இருந்தது. நடுவில் நின்றது அந்த ரோட்டுத்தான்.

ஸஹீதா பர்தாவின் நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள். சாலிஹ் கேள்வி கேட்கவில்லை. அளவு நாடாவையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். மின்கம்பத்திலிருந்து நாற்பத்திரண்டு மீற்றர் அளந்து, முதலாவது மதகு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தடி நாட்டினார்கள். அவள் வெட்டத் தொடங்கினாள்.

கம்பெனிக் காவலாளி குடையோடு ஓடிவந்தார். வவுணதீவுக்காரர், வயதானவர். வெட்ட வேண்டாம் என்றார். அவள் நிறுத்தவில்லை. அவர் கம்பெனிக்குப் போன் எடுத்துச் சொன்னார். பிறகு குடையை மடக்கி வைத்துவிட்டு, தன்னுடைய கடமையைச் செய்துவிட்டதாகச் சொல்லித் தள்ளிப் போய் நின்றார்.

கிறவல் இறுகிப்போயிருந்தது. அரை மணித்தியாலத்தில் முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை. ஸஹீதாவின் உள்ளங்கை கொப்பளித்தது. அப்போது ரோட்டின் மறுபக்கச் சரிவில் யாரோ வெட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். நிஸ்றா. எட்டு மாதமாகப் பேசாதவள். தலையில் ஒரு பிளாஸ்டிக் பை, கையில் மண்வெட்டி. ராத்தாவின் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

“அந்தப் பக்கத்தால வெட்டாதீங்க. தண்ணி திறந்திட்டா ஒங்களையும் இழுத்துக்கிட்டுத்தான் போகும். ஆத்துப் பக்கத்தால வெட்டிக்கிட்டு வரணும். கடைசியா ஒரு முழம் விட்டு வைக்கணும்.”

அவள் சொன்னது சரி. ஸஹீதா இறங்கி அந்தப் பக்கம் போனாள். இருவரும் தோளோடு தோளாக நின்று வெட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒழுங்கையிலிருந்து பெண்கள் வந்தார்கள், பிறகு ஆண்கள். ஸலாம் சொல்லாமல் போனவர்களும் வந்தார்கள். அலவாங்குக் கம்பி, மண் அள்ளும் தாச்சி, சீமெந்துப் பை, கையில் கிடைத்தது எல்லாம் வந்தது. றிஷாட் தன் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு மண் சுமந்தான். பத்து மணிக்குள் ஓர் ஆள் இறங்கி நிற்கும் அகலத்தில் வாய்க்கால் ரோட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போயிருந்தது. தண்ணீர்ப் பக்கம் ஒரு முழ மண் மட்டும் மிச்சம்.

அந்த நேரத்தில் பொலிஸ் ஜீப் வந்தது. ஒரு சார்ஜன்ட், இரண்டு கான்ஸ்டபிள்கள். தனியார் சொத்துக்குச் சேதம் விளைவிப்பதாக முறைப்பாடு வந்திருக்கிறது என்றார் சார்ஜன்ட். எல்லாரையும் நிறுத்தச் சொன்னார். எல்லாரும் நிறுத்தினார்கள். இதற்கு யார் தலைமை என்று கேட்டார். ஸஹீதா சேற்றோடு மேலே ஏறி வந்தாள்.

“சேதம் இல்ல சேர். இது மதகு. மண் அடைச்சிரிக்கி, துப்பரவு செய்றம்.”

அவர் பள்ளத்தைப் பார்த்தார். மதகு எங்கே என்று கேட்டார்.

“அதத்தான் நாங்களும் மாசக்கணக்காக் கேக்கிறம்” என்றாள்.

சாலிஹ் வரைபடத்தை விரித்துக் காட்டினார். மழைத்துளி பிளாஸ்டிக் உறையில் வழிந்தது. சார்ஜன்ட் சீலைப் பார்த்தார், ஒப்பத்தைப் பார்த்தார், அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பார்த்தார். பிறகு தலையை உயர்த்தி ஒழுங்கையைப் பார்த்தார். அங்கே ஒரு கட்டிலை நாலு பேர் தலையில் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் ஜீப்புக்குள் போய் யாருடனோ நெடுநேரம் வயர்லெஸ்ஸில் பேசினார்.

அவர் பேசி முடிக்கும் வரைக்கும் நிஸ்றா காத்திருக்கவில்லை. எல்லாரும் மேலே ஏறிவிட்டார்களா என்று பார்த்தாள். அலவாங்கை எடுத்துக் கரையில் நின்றபடியே அந்த ஒரு முழ மண்ணில் இரண்டு தரம் குத்தினாள். முதலில் ஒரு நூல்போலத் தண்ணீர் கசிந்தது. பிறகு மண் இளகி விழுந்தது. பிறகு ஒரு இரைச்சல். வாய்க்கால் கண்முன்னே அகன்றது. குளமாக நின்ற தண்ணீர் செம்மண் நிறத்தில் புரண்டு ஆற்றை நோக்கி ஓடியது. யாரும் ஆரவாரம் செய்யவில்லை. ஒழுங்கை ஆட்கள் எல்லாரும் மழையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார்ஜன்ட் ஸஹீதாவின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு போனார்.

பின்னேரத்துக்குள் தண்ணீர் படியை விட்டு இறங்கியது. தாழ்வான இரண்டு வீடுகளுக்குள் மட்டும் கணுக்கால் அளவு வந்து போனது.

மூன்றாம் நாள் ஸஹீதாவைப் பொலிஸ் நிலையத்துக்கு அழைத்தார்கள். கம்பெனியின் ஆள் ஒருவரும் இருந்தார். தவறுதலாகச் செய்துவிட்டேன், வருந்துகிறேன் என்று ஒரு வாக்குமூலத்தில் ஒப்பமிட்டால் விடயத்தை இத்துடன் முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். கதிரையில் இருந்தபடியே அவள் அதை முழுவதும் வாசித்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள். நான் தவறுதலாகச் செய்யவில்லை, அளந்து பார்த்துத்தான் செய்தேன் என்று சொன்னாள். தன் வாக்குமூலத்தைத் தானே சொல்வதாகவும், வரைபடத்தையும் அதோடு இணைக்க வேண்டும் என்றும் கேட்டாள். எழுதி முடிக்க இரண்டு மணித்தியாலம் ஆனது. வழக்கு வரும், வரட்டும் என்று சாலிஹ் ஒரு சட்டத்தரணியைப் பார்த்து வைத்தார். வழக்கு வரவில்லை. வந்தால், இல்லாத மதகை எப்படிச் சேதப்படுத்தினார்கள் என்று கம்பெனி நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியிருக்கும். பெப்ரவரியில் ஒரு லொறி வந்து வெட்டிய இடத்தில் மூன்று கொங்கிறீற் குழாய்களை இறக்கியது. ரோட்டை மேலே மூடிச் செப்பனிட்டார்கள். இரண்டாவது மதகு இருக்க வேண்டிய இடத்தை யாரும் தொடவில்லை.

நிஸ்றா வீட்டை விற்றுவிட்டாள். இந்த முறை அவளே வாங்க வந்தவர்களை முதலில் வெளியே நிறுத்தி, எவ்வளவு தண்ணீர் வந்தது, எப்படிப் போனது என்று எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று பேர் திரும்பிப் போனார்கள். நாலாவதாக வந்த குடும்பம், கீழே தூண் எழுப்பி மேலே கட்டிக்கொள்வோம் என்று கணக்குப் போட்டு, குறைந்த விலைக்கு வாங்கியது. அந்தப் பணத்துக்கு மேட்டுக் காணியில் கூரை மட்டும் போட்ட இரண்டு அறைதான் கிடைத்தது. மிச்சத்தை றுமைஸ் டோஹாவிலிருந்து அனுப்பி அனுப்பிக் கட்ட வேண்டும்.

சாமான் ஏற்றிய லொறி ஒழுங்கையில் நின்றபோது நிஸ்றா ராத்தாவின் வாசலுக்கு வந்தாள். நல்ல விலை தவறிப்போனதைத் தான் இன்னும் மறக்கவில்லை என்றும், மறப்பதாகப் பொய் சொல்லப்போவதில்லை என்றும் சொன்னாள். ஸஹீதா அதை ஏற்றுக்கொண்டாள். தன்னால் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்றாள்.

“நீங்களும் வித்துட்டு வாங்க ராத்தா” என்றாள் நிஸ்றா. “கடல் ஏறுது எண்டு சொல்றாங்க. ஆறும் ஏறும். ஒரு மதகு எத்தின வருஷத்துக்கு?”

“எனக்கும் தெரியும்” என்றாள் ஸஹீதா. “ஏறட்டும். ஏறுற தண்ணிக்கு எழும்பிப் போவன். விக்கிறவனுக்குப் பயந்து போக மாட்டன்.”

நிஸ்றா சிரிக்கவில்லை. ராத்தாவின் கொப்பளம் ஆறிய உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மண்வெட்டி பிடிக்கத் தெரியாதவள் என்று சொன்னாள். லொறியில் ஏறினாள். லொறி பிரதான வீதிப் பக்கம் திரும்பும் வரைக்கும் ஸஹீதா நின்றாள். பிறகு உள்ளே போய் உடுப்பு மாற்றி, இரண்டாவது மதகுக் கடிதங்கள் அடங்கிய கோவையை எடுத்துக்கொண்டு, பதினொரு மணிக்கு முன்னால் அனுமதி கொடுத்த அலுவலகத்தில் நிற்க வேண்டும் என்று சாலிஹை அவசரப்படுத்தி மோட்டார் சைக்கிளில் ஏறினாள்.